மின்னிய கொம்பு

தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல் கேளுங்கள். அவசரப்பட்டு நான் ஒருமுறை மூக்குடைபட்டிருக்கிறேன்.

செங்கரைப் பாளையத்தில் ஏரிக்கரை உடையும்போல் இருந்தால் கரைமேல் நின்று பித்தளைக் கொம்பு ஊதுவார்கள். பள்ளத்துக் குடிசைக்காரர்கள் அதைக் கேட்டு மேட்டுக்கு ஓடிவிட வேண்டும். பழைய கொம்பு தடித்த தகடு. அதன் சத்தம் கடைசிக் குடிசைவரை எட்டவில்லை. ஆகவே பாளையக்காரர், உமையொருபாகம் என்ற ஆசாரியிடம் புதுக் கொம்பு செய்யச் சொன்னார்.

தகட்டை மெல்லிசாக அடிப்பதில் ஆசாரியை மிஞ்ச ஆளில்லை. கொம்பைக் கொடுத்த அன்று, அதைக் கரைமேல் ஊதச் சொல்லிவிட்டு, அவரே கடைசிக் குடிசை வாசலில் போய் நின்று கேட்டார். கணீரென்று கேட்டது. அங்கே தனியாக இருந்த மூக்கம்மா அவருக்கு ஒரு செம்பு மோர் கொடுத்து, "இனி மழைக்காலத்துல எனக்குப் பயமில்ல ஐயா" என்றாள்.

கொம்பூதி வெயிலுகந்தானிடம் ஆசாரி, "புளி போட்டுத் தேய்க்காதே, துணியால துடை, போதும்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

வெயிலுகந்தான் அதை வீட்டில் சொன்னான். அவன் மனைவி கோமுவுக்குப் பொறுக்கவில்லை. "அம்மன் புறப்பாட்டுல கறுத்துப்போன கொம்பையா ஊதுவீக? ஊரு காறித் துப்பாதா?" என்று கேட்டு, வெள்ளிதோறும் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தாள். அவனும் பேசாமல் இருந்துவிட்டான்.

எட்டு மாதம் கழித்துத் திருவிழா. ஆசாரியும் வந்திருந்தார். கொம்பு தங்கமாய் மின்னியது. "ஓய் ஆசாரி, உம்ம வேலை கண்ணைப் பறிக்குதே!" என்று பாளையக்காரர் அவர் தலையில் பட்டுக் கட்டினார். ஊரே ஆரவாரம் செய்தது. ஆசாரி பூரித்துப்போய்க் கும்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் கரை உடைந்தது. வெயிலுகந்தான் மூச்சைத் திரட்டி ஊதினான். தேய்ந்திருந்த தகடு பிளந்து வெறும் காற்றுதான் வந்தது. கிட்டத்தில் இருந்தவர்கள் அவன் கத்தியதைக் கேட்டு ஓடினார்கள். மூக்கம்மாவுக்குக் கேட்கவில்லை. பாவம், வெள்ளம் அவளைக் கொண்டுபோய்விட்டது.

விசாரணை கூடியது. "அடுத்த கொம்பை இந்த ஆசாரியிடம் கொடுக்கலாமா?" என்பதுதான் பேச்சு. மெல்லிய தகடு போட்டது அவர் குற்றம் என்றார்கள் சிலர். "அவர் சொன்னாரு, நாந்தான் கண்டிக்கல" என்று வெயிலுகந்தான் அழுதான். "தேச்சது என் கை. தகடு தேயும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா?" என்று கோமு தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆசாரி, வெயிலுகந்தான், கோமு. இந்த மூவரில் யாருடைய பிழை பெரிது?

விடை: ஆசாரியுடையதுதான். மெல்லிய தகடு குறையல்ல. அது இல்லாமல் சத்தம் அவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனால் எட்டு மாதம் புளி படாத பித்தளை மங்கித்தான் இருக்கும். அந்த மினுமினுப்பைப் பார்த்ததும் நடந்ததைப் புரிந்துகொள்ளக்கூடியவர் அங்கே அவர் ஒருவர்தான். அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு பேசாமல் வந்தார். சபையில் அவரே இதைச் சொல்லி, பாளையக்காரர் கட்டிய பட்டுத்துணியை அவிழ்த்து வைத்தார். ஒப்புக்கொண்டவரிடமே பாளையக்காரர் அடுத்த கொம்பையும் கொடுத்தார். அது முடிந்த அன்று ஆசாரி பழையபடி பள்ளத்தின் கடைசிவரை நடந்துபோய், குடிசை இருந்த இடத்தில் நின்று கேட்டார். கணீரென்று கேட்டது. மோர் கொடுக்கத்தான் ஆளில்லை.