ஆள்காட்டிக்கு முகம் மறந்த கதை

அந்தக் காலத்தில் பறவை பேசினால் மனிதனுக்குப் புரியும். மனிதன் பொய் சொன்னால் பறவைக்கும் புரியும். அப்போது ஒரு பெரிய கண்மாய் இருந்தது. உப்பு வண்டிகள் போகிற பாதை அதன் கரையோரமாக வந்து சட்டென்று வளையும். உடைமரங்கள் மறைத்திருந்ததால் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியாது. வளைவைத் தாண்டித்தான் முயலும் கீரியும் தண்ணீருக்கு இறங்கும், ஊர்ப் பிள்ளைகள் பாதையின் குறுக்கே ஓடும். ஆகவே அந்த இடத்தில் எந்த வண்டியும் ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று எல்லோரும் கூடிப் பேசி வைத்திருந்தார்கள்.

பேசி வைத்தால் போதுமா? பார்க்க ஆள் வேண்டாமா? பாதையோரப் பொட்டலிலேயே முட்டையிட்டு அங்கேயே கிடக்கிற ஆள்காட்டிக் குருவியைக் காவலுக்கு வைத்தார்கள். அதற்கு ஒரு வித்தை தெரியும். வருகிற வண்டியின் மேல் ஒரு குரலை எறியும். குரல் வண்டியில் பட்டுத் திரும்பி வரும். மெதுவாக வருகிற வண்டி என்றால் போன குரல் போனபடியே திரும்பும். பாய்ந்து வருகிற வண்டி என்றால் நெருக்கித் தள்ளப்பட்டு, ஊசி மாதிரி கூர்மையாகத் திரும்பும். எவ்வளவு கூர்மையோ அவ்வளவு வேகம்.

குரல் கூர்மையாகத் திரும்பினால் உடனே குருவி வண்டிக்காரனின் பெயரைச் சொல்லிக் கத்திவிடும். பெயர் கேட்டவன் வெட்கப்பட்டு இறங்கி, மாட்டைக் கையில் பிடித்து நடத்தித்தான் வளைவைக் கடக்க வேண்டும். வளைவுக்கு அப்பால் இருப்பவர்களும் கத்தலைக் கேட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். கத்தல் இல்லையென்றால் பயமில்லை என்று பாதையில் இறங்குவார்கள்.

உப்பு வண்டிக்காரர்களில் இருளாண்டி என்று ஒருவன். நல்லவன்தான். ஒரு கோடையில் மாடுகள் மிதித்துவிடாதபடி குருவியின் முட்டைகளைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு வைத்தான். அன்றிலிருந்து அவன் தலையைக் கண்டால் குருவிக்கு மனசு இளகிவிடும்.

ஒருநாள் காலையில் உப்பளத்துக்குப் போகும்போது அவன் வண்டியை நிறுத்தினான்.

"ஆத்தா, மேகம் கூடிக்கிட்டு வருது. திரும்பையில கொஞ்சம் விரட்டித்தான் வருவேன். நனைஞ்சா உப்பு அம்புட்டும் தண்ணியாப் போயிரும். இன்னைக்கு ஒருநா மட்டும் கண்டுக்காம விட்டுரு."

"பொதுவுல பேசுன பேச்சு இருளாண்டி. நான் எப்படிக் கத்தாம இருக்க?"

"நமக்குள்ள என்ன ஆத்தா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். குருவியால் அதற்குமேல் மறுத்துச் சொல்ல முடியவில்லை. முகதாட்சண்யம் அவ்வளவு பொல்லாதது.

சாயங்காலம் தூறல் விழ ஆரம்பித்தது. தூரத்தில் வண்டி தெரிந்ததும் குருவி குரலை எறிந்தது. திரும்பி வந்த குரல் காதைக் குத்திக் கிழித்தது. அத்தனை காலக் காவலில் அப்படிப்பட்ட கூர்மையை அது கேட்டதில்லை. பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. வண்டியில் நின்றுகொண்டு மாட்டை விரட்டுகிற முகத்தைப் பார்த்தது. பாவி, பெயரை விழுங்கிவிட்டது.

வளைவுக்கு அப்பால் இருளாண்டியின் மகள் பூமயில் நின்றிருந்தாள். அப்பன் நனைவானே என்று பனையோலைக் குடையை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பாதையில் இறங்குமுன், பழக்கிவிட்டபடியே நின்று காதுகொடுத்துக் கேட்டாள். குருவி கத்தவில்லை. சரி என்று கால் வைத்தாள்.

மாடுகளை அவனால் பிடிக்க முடியவில்லை.

உப்பு மழையில் கரைந்து ஓடியது. இருளாண்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு குருவியைப் பார்த்துச் சொன்னான்: "நான்தான் கூறுகெட்டுக் கேட்டேன். நீ கத்தியிருக்கக் கூடாதா ஆத்தா?"

குருவி கரைமேல் இருந்த அய்யனாரிடம் போய் விழுந்தது.

"சாமி, எனக்கு முகம் தெரியக் கூடாது. பேரும் தெரியக் கூடாது. எடுத்துக்கோ."

"உன் குஞ்சு முகமும் சேர்ந்தே போயிருமே" என்றார் அய்யனார்.

குருவி வெகுநேரம் அழுதது. பிறகு, "போகட்டும் சாமி" என்றது.

அப்புறம் இருளாண்டி வண்டியே ஏறவில்லை. அந்த வளைவில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவான். குருவி அவன்மேலும் குரலை எறியும். "நான்தான் ஆத்தா, இருளாண்டி" என்பான். யாரோ ஒரு ஆள் நடந்து போகிறான் என்பதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அவன் சற்று நின்று பார்த்துவிட்டுப் போவான்.

இப்போதும் பொட்டல் வழியே யார் போனாலும், பகையோ உறவோ, ஆள்காட்டி குரலெடுத்துக் கத்துகிறது. அதன் வித்தையைத்தான் நெடுஞ்சாலை ஓரத்தில் கேமராவோடு நிற்கிற போலீஸ் வேனும் செய்கிறது. நம் காதுக்கு எட்டாத ஓர் அலையை வருகிற வண்டியின்மேல் எறிகிறது. பட்டுத் திரும்புவது எவ்வளவு நெருக்கிக்கொண்டு வருகிறது என்று பார்க்கிறது. அளவு மிஞ்சினால் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்கிறது. உள்ளே இருப்பது மந்திரியா மச்சானா என்று அதற்குத் தெரியாது. நாம்தான் அவசரத்தைச் சொல்லி அதைத் திட்டிக்கொண்டு போகிறோம்.

பூமயிலைப் புதைத்த அந்த நாளிலிருந்துதான் பாதையில் காவல் நிற்பது எதுவும் முகம் பார்ப்பதில்லை. ஒருமுறை பார்த்ததற்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று.