தொட்டியில் முளைத்த காளான்

மழை விட்ட மறுநாள் மடத்து மொட்டைமாடியில் கத்தரித் தொட்டிகளில் காளான் முளைத்திருந்தது. பக்கத்துப் புதினாத் தொட்டியிலும் கொத்தாக நின்றது. எல்லாம் வெள்ளைக் குடைகள்.

மடத்துச் சமையலைக் கவனித்துவந்த தணிகாசலம், பூரணி அம்மையிடம் சீடராக வருமுன் மலையடிவாரத்தில் பயிர் செய்தவர். "கூடை கூடையாகப் பறித்துத் தின்ற காளான்தான் இது" என்று சொல்லிக்கொண்டே அத்தனையையும் பறித்தார். வெள்ளத்தில் வீடிழந்த குடும்பங்கள் அப்போது மடத்தில் தங்கியிருந்தன. மதியம் அவர்களுக்குக் காளான் குழம்பு என்று முடிவாயிற்று.

குழம்பு கொதிக்கும்போதுதான் அவருக்கு அது உறைத்தது.

நறுக்குகையில், நன்றாக விரிந்த ஒரு காளானின் அடிமடிப்புகள் லேசாகப் பச்சை பூத்திருந்தன. இலையின் நிழல் என்று நினைத்து அதையும் நறுக்கிப் போட்டுவிட்டார். ஊர்க் காளானுக்கு அடியில் பச்சை உண்டா?

விஷமென்றால் பூண்டு கறுக்கும் என்பார்கள்; ஒரு பல்லைக் குழம்பில் போட்டு எடுத்துப் பார்த்தார். கறுக்கவில்லை. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை.

வெளியே இலை போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் இடத்துக்குச் சண்டை போடும் சத்தம் கேட்டது.

தணிகாசலம் அம்மையின் அறைக்கு ஓடினார்.

"அம்மா, ஒன்று நமக்குத் தெரியும் என்று எதை வைத்துச் சொல்வது?"

"என்ன ஆயிற்று?"

"ஒன்றுமில்லை. சும்மாதான் கேட்டேன்."

அம்மை அவர் முகத்தைப் பார்த்தார். எழுந்து சமையற்கட்டுக்கு நடந்தார்.

"என்ன குழம்பு?"

"காளான், அம்மா. மாடித் தொட்டியில் முளைத்தது."

"நல்ல காளான்தானா?"

"பூச்சி கடித்திருந்தது; விஷமென்றால் பூச்சி தொடாதே. பூண்டும் கறுக்கவில்லை."

"அதைக் கேட்கவில்லை. நல்ல காளான்தானா?"

தணிகாசலம் குழம்பைக் கிளறினார். "நல்லதுதான், அம்மா."

"அப்படியானால் எனக்கு முதலில் போடு."

அவர் போட்டார். கரண்டி தட்டில் இடித்து இடித்துச் சத்தம் எழுப்பியது. அம்மை சோற்றைப் பிசைந்தார். காளான் துண்டு ஒன்றைச் சோற்றோடு சேர்த்து உருட்டினார். கவளம் உதட்டருகே போயிற்று.

தணிகாசலம் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். சோறு தரையெங்கும் சிதறியது.

"வேண்டாம்! தெரியாது, அம்மா. எனக்குத் தெரியாது. அடியில் பச்சையாக இருந்தது. பார்த்தேன். பார்த்தும் போட்டுவிட்டேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அம்மை கை கழுவிக்கொண்டார். இருவருமாக அண்டாவைத் தூக்கிக் கொல்லைக் குழியில் கொட்டி மண் போட்டு மூடினார்கள். பந்தியில் வெறும் ரசமும் அப்பளமும் பரிமாறப்பட்டன. பசியில் யாரும் குறை சொல்லவில்லை.

கடைசி இலையும் எடுத்தபின் தணிகாசலம் கேட்டார்.

"அது விஷக் காளானா, அம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமலா வாய்க்குக் கொண்டுபோனீர்கள்? நான் தட்டாமல் இருந்திருந்தால்?"

அம்மை சொன்னார்: "பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் தெரிந்தா உட்கார்ந்திருந்தார்கள்?"