பதினெட்டு மில்லிமீட்டர்

"அம்மிணி, இந்த வெயில் என்னைக் காட்டிக் குடுக்குது," என்றார் நாச்சிமுத்து.

வசுமதி தொட்டியில் ஒரு காகிதத்தை அலசிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"என்ன பண்ணுச்சுங்க வெயில்?"

"ஏழு ஷீட்டு போட்டாச்சு. ஏழுலயும் அதே இடத்துல கருந்திட்டு."

இந்தக் கதையில் சீடருக்கு வயது அறுபத்தாறு. குருவுக்கு முப்பத்தைந்து. ஆசிரமம் என்று பார்த்தால் கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு மொட்டை மாடி, இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு தகரக் கொட்டகை.

வசுமதி பழைய விமானங்களின் வரைபடங்களை நீல அச்சாக எடுத்து விற்பவள். கிளைடர், ராக்கெட் எஞ்சின், இறக்கை, வால், எதையும் விடமாட்டாள். காகிதத்தில் மருந்தைப் பூசி இருட்டில் காயவைப்பாள். அதன்மேல் வரைபடத்தை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் நீட்டுவாள். மை இருக்கிற இடத்தில் வெயில் நுழையாது. அலசினால் அது வெள்ளைக் கோடாக நிற்கும். மற்றதெல்லாம் நீலமாகிவிடும்.

நாச்சிமுத்து பெங்களூரில் ஒரு விமானப் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் வரைவாளராக இருந்துவிட்டுச் சொந்த ஊர் திரும்பியவர். ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு போடுவார். வெயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மூன்று வாரத்துக்கு முன், கையில் ஒரு பி.வி.சி. பைப்போடு மாடியேறி வந்தார். பைப்புக்குள் ஒரே ஒரு வரைபடம், டிரேசிங் காகிதத்தில்.

"குருவே, எனக்கு இதைக் கத்துக் குடுக்கணும்," என்றார்.

"குருன்னா தாடி வேணும். வசுமதின்னே கூப்பிடுங்க."

"பேர் சொல்லிக் கூப்பிட்டா வித்தை வராது. அம்மிணிங்கறேன்."

"குடுங்க ஐயா, நானே பிரிண்ட் போட்டுத் தரேன். அரைமணி நேர வேலை."

"இல்லை. என் கையால போடணும்."

"யாருக்குங்க?"

நாச்சிமுத்து உட்கார்ந்து சொன்னார்.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவர் தற்காலிக ஊழியர். இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானத்துக்குச் சக்கரம் தாங்கும் கால் ஒன்றை வரைந்தார். 286 என்று போட வேண்டிய இடத்தில் 268 என்று போட்டார். சரிபார்க்கிற குரியகோஸ் சாரும் பார்த்துவிட்டு ஒப்பமிட்டு, "ஷாப்புக்கு அனுப்பு," என்றார். ஷாப் என்கிற பட்டறையில் பன்னிரண்டு கால்களைக் கடைந்து முடித்தார்கள். பன்னிரண்டும் பதினெட்டு மில்லிமீட்டர் குட்டை.

விசாரணை வைத்தார்கள். தற்காலிக ஊழியன் தலைதான் முதலில் உருளும் என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும். நாச்சிமுத்து பெட்டி படுக்கையைக் கட்டிவைத்திருந்தார்.

குரியகோஸ் அதிகாரிகள் முன்னால் நின்று ஒரே வாக்கியம் சொன்னார். "நான் ஒப்பு வெச்ச பிறகு அது என்னோட தப்பு."

அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதே மேஜையில் ஓய்வு பெற்றார். நாச்சிமுத்துவுக்கு வேலை நிரந்தரமானது. கல்யாணம், வீடு, மகளின் படிப்பு எல்லாம் அந்த வேலையில் வந்தது.

அந்த ஷீட்டை ரத்து செய்துவிட்டுப் புதிதாக வரைந்தார்கள். மறு வருஷம் விமானத்தையே ரத்து செய்தார்கள். பழைய காகிதங்களைக் கழித்தபோது நாச்சிமுத்து அந்தத் தப்பான ஷீட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"அவருக்கு நன்றி சொன்னீங்களா?" என்று கேட்டாள் வசுமதி.

"முதல்ல பயம். அப்புறம் வெக்கம். அப்புறம் அவர் ரிட்டையர் ஆகிப் பாலக்காடு போயிட்டார்."

"இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்."

"தெரியும் அம்மிணி. இத்தனை வருஷமா தெரியும்."

இப்போது குரியகோஸுக்கு எண்பத்தாறு. இருபதாம் தேதி மகளோடு கனடா போகிறார். இனிமேல் திரும்பி வரமாட்டார். அதற்குள் இந்த வரைபடத்தை நல்ல நீல அச்சாகப் போட்டு, அவர் கையில் கொடுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். நாச்சிமுத்துவின் ஆசை அவ்வளவுதான்.

அதனால் கற்றார். முதல் வாரம் மருந்தை மைதா மாவு பசை மாதிரி அப்பினார். இரண்டாவது வாரம், அவசரத்தில் போர்வெல் உப்புத் தண்ணீரில் அலசிவிட்டார். நீலம் வெளுத்து மஞ்சளித்தது. கோயமுத்தூர்க்காரருக்கு நல்ல தண்ணீர் எது, உப்புத் தண்ணீர் எது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் வசுமதி ஒரு நாள் முழுக்க அவரை நல்ல தண்ணீர் வரும் சிறுவாணிக் குழாய்க்குக் காவல் வைத்தாள்.

மூன்றாவது வாரம் வேலை கைக்குப் பிடிபட்டது. கூடவே அந்தக் கருந்திட்டும் வந்தது.

வசுமதி கையைத் துடைத்துக்கொண்டு ஏழாவது அச்சை வாங்கிப் பார்த்தாள். 286 என்ற வெள்ளை எண்ணைச் சுற்றி, விரல் நுனி அளவுக்கு, மற்ற நீலத்தைவிடக் கருத்த நீலம். பிறகு டிரேசிங் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இங்க சுரண்டுனீங்களா?"

"பிளேடு வெச்சு. லேசாத்தான்."

"எப்போ?"

"இங்க வர்றதுக்கு முதல் நாள். தப்பான நம்பரோட அவர் முன்னால எப்படிப் போய் நிக்கிறது? திருத்திட்டேன்."

"சுரண்டுன இடத்துல காகிதம் மெலிஞ்சிருச்சுங்க. வெயில் அங்க மட்டும் கூட இறங்குது."

"கம்ப்யூட்டர்ல போட்டு அந்தத் திட்டை எடுத்துற முடியுமா?"

"முடியுங்க."

"சுத்தமா?"

"சுத்தமா. யாரும் கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப எடுத்துரு அம்மிணி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

வசுமதி காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எடுத்துட்டா, அவர்கிட்ட எதுக்குங்க நன்றி சொல்லப் போறீங்க?"

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. பைப்பை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்கிப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோபம் இருந்தாலும், வசுமதி வாராவாரம் கடை போடும் சந்தைக்குச் சீடர் வந்துவிட்டார். கடையில் கொடி கட்டி நீலக் காகிதங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். குருவோடு மட்டும் பேசவில்லை.

ஓர் அம்மா வந்து ராக்கெட் எஞ்சினைப் பார்த்தார். "இது சோபா கலருக்கு ஒத்துப் போகுமா?" என்று கேட்டார்.

"சோபா என்ன கலருங்க?"

"மெரூன்."

"போகாதுங்க," என்றாள் வசுமதி. அந்த அம்மா அதையே வாங்கிப் போனார்.

பிறகு ஒருவர் ஒரு விமானத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"இது பறந்துச்சுங்களா?"

"இல்லீங்க. வரைஞ்சதோட சரி."

"பறக்காததை எதுக்கு விக்கறீங்க?"

"பாருங்க, எவ்வளவு அக்கறையா வரைஞ்சிருக்காங்க. வீணாப் போகலாமா?"

அவர் யோசித்தார். வாங்கவில்லை. போகும்போது மட்டும் படத்தைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

சந்தை முடிந்து கொடியை அவிழ்க்கும்போதுதான் நாச்சிமுத்து வாயைத் திறந்தார்.

"சரி, இப்ப நான் என்னதான் பண்ணட்டும்?"

"பழைய நம்பரை எழுதுங்க."

"தப்பான நம்பரையா?"

"ஆமாங்க."

"தப்புன்னு தெரிஞ்சே எழுதவா?"

"போன தடவை தெரியாம எழுதுனீங்க."

"அம்மிணி, காகிதம் தாங்காது. இன்னொரு தடவை சுரண்டினா ஓட்டை விழுந்துரும். என்கிட்ட இருக்கறது இது ஒன்னுதான்."

"எங்கிட்டயும் அதுக்கு மருந்து இல்லீங்க," என்றாள் வசுமதி.

திங்கட்கிழமை காலை, மாடியில், கொட்டகை நிழலில் நாச்சிமுத்து பிளேடை எடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு சுரண்டினார். 286 போனது. காகிதம் வெங்காயத் தோல் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கிழியவில்லை.

பேனாவில் மை தொட்டார். எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். தெரிந்தே ஒரு தப்பான அளவை எழுதுவது ஒரு வரைவாளருக்கு எவ்வளவு கஷ்டம் என்று மற்றவர்களுக்குப் புரியாது. பச்சைத் தண்ணீர் குடித்தார். மறுபடி உட்கார்ந்தார்.

268.

எழுதி முடித்ததும் அவருக்கு அழுகை வந்தது. அழுதார். வசுமதி தொட்டியை நிரப்பப் போய்விட்டாள்.

மை காய்ந்ததும் அச்சுக்கு வைத்தார். வெயிலில் காகிதம் பச்சையிலிருந்து நீலமாகி, நீலத்திலிருந்து சாம்பலாகி, கடைசியில் கெட்டுப்போனது மாதிரி ஆனது. வழக்கமாக இந்த இடத்தில்தான் அவர் பதறிப்போய் எடுத்துவிடுவார். அன்று எடுக்கவில்லை. குரு எடுக்கச் சொல்லும்வரை நின்றார்.

தண்ணீரில் போட்டதும் கோடுகள் ஒவ்வொன்றாக வெளுத்து வந்தன. சக்கரம், அச்சாணி, கால். வலது கீழ்மூலைக் கட்டத்தில் இரண்டு பெயர்கள். எண்ணைச் சுற்றி அந்தத் திட்டும் இருந்தது. முன்னைவிடக் கருப்பாக.

"தட்சணை என்ன வேணும், அம்மிணி?"

"வர்றப்ப நேந்திரம் சிப்ஸ் வாங்கிட்டு வாங்க."

நாச்சிமுத்து பதினெட்டாம் தேதி பாலக்காடு பஸ் ஏறினார். என்ன பேசுவது என்று கேரள எல்லையான வாளையாறு வரை ஒத்திகை பார்த்தார். வாளையாறு தாண்டியதும் எல்லாம் மறந்துவிட்டது.

குரியகோஸ் வீட்டு முன்னறையில் கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஆளைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"எடோ நாச்சிமுத்து. வா, இரி. தலையெல்லாம் நரைச்சுப் போச்சே."

நாச்சிமுத்து உட்காரவில்லை. பைப்பைத் திறந்து நீலக் காகிதத்தை மேஜையில் விரித்தார்.

குரியகோஸ் கண்ணாடியை மாட்டினார். படத்தை அழகு பார்க்கவில்லை. சரிபார்க்கிறவர்கள் பார்ப்பது போல, கீழ்மூலைக் கட்டத்திலிருந்து ஆரம்பித்தார். தேதி. வரைந்தவர். சரிபார்த்தவர். தன் ஒப்பத்தின்மேல் விரலை ஒரு நிமிஷம் வைத்திருந்தார்.

நாச்சிமுத்து அப்போதுதான் பேச ஆரம்பித்தார்.

"சார், நீங்க அன்னைக்கு அந்த வார்த்தை சொன்னதாலதான் நான் சோறு தின்னேன். என் குடும்பம் தின்னுச்சு. இத்தனை வருஷம் வந்து சொல்லாததுக்கு மன்னிக்கணும். உங்களுக்கு நான்..."

"மிண்டாதே," என்றார் குரியகோஸ். "செக் பண்ணும்போ பேசக் கூடாது."

நாச்சிமுத்து வாயை மூடிக்கொண்டார். கண்ணீரை மட்டும் மூட முடியவில்லை.

கிழவரின் விரல் ஒவ்வொரு கோடாக நகர்ந்தது. ஓர் அளவையும் விடவில்லை. மகள் லிஸி காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போனது. விரல் கடைசியில் அந்தத் திட்டுக்கு வந்து நின்றது.

"சுரண்டியிருக்கே. ரெண்டு தடவை."

"ஆமாம் சார்."

"திருத்திட்டுப் பின்னெ மறுபடியும் தப்பா எழுதியிருக்கே."

"ஆமாம் சார்."

குரியகோஸ் ஆறிய காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"அன்னைக்கு கேண்டீன் மூடிருவான்னு அவசரமா ஒப்பு வெச்சேன்," என்றார். "ஒரு நிமிஷம் கூடப் பார்த்திருந்தா என் கண்ணுல பட்டிருக்கும். உன்னைக் காப்பாத்தணும்னு சொன்னதா எல்லாரும் நினைச்சாங்க. இல்லை. உள்ளதைத்தான் சொன்னேன்."

பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"லிஸி, ஒரு சிவப்புப் பென்சில்."

எதையோ பிரித்துத் தேடி அவள் கொண்டுவந்து கொடுத்தாள். நீலத்தின்மேல் சிவப்பு சரியாகப் பிடிக்கவில்லை. அவர் அழுத்தினார். 268ஐச் சுற்றி வட்டம் போட்டார். பக்கத்தில் 286 என்று எழுதினார். கீழே ஒப்பமிட்டு, மகளிடம் கேட்டுத் தேதியும் போட்டார்.

காகிதத்தைச் சுருட்டி நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"சரி. ஷாப்புக்கு அனுப்பு."