முறுகிய கோடு

குத்தாலிங்கம் சிஷ்யனாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. குரு மைதீன்பிச்சைக்கு முப்பத்தொன்பது. தென்காசியில் நாலு பேர் சிரித்தார்கள். வேலை இல்லாதவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

குத்தாலிங்கம் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் ஸ்பானர் பிடித்தவர். ஓய்வு பெற்ற மறுவாரம் செங்கோட்டை ரோட்டில் இருந்த மைதீன்பிச்சையின் கார் பட்டறைக்கு வந்து நின்றார். பஸ் தெரியும், கார் தெரியாது, சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். மைதீன்பிச்சை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலை ஏழரைக்கு வரச் சொன்னார். வேறு சடங்கு எதுவும் இல்லை.

குரு சிஷ்யனை அண்ணாச்சி என்பார். சிஷ்யன் குருவை பாய் என்பார். அதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

அந்தப் பட்டறைக்கு ஆவுடையம்மாளின் கார் மூன்றாம் முறை வந்த கதை இது.

ஆவுடையம்மாள் வாடகைக் கார் ஓட்டுபவர். மலை தாண்டி ஆரியங்காவு, புனலூர் வரைக்கும் ஆட்களை ஏற்றிப் போவார். காருக்கு இருபத்திரண்டு வயது. அதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

முதல் முறை வந்தபோது எண்பதில் போனால் ஸ்டீரிங் நடுங்கியது. பார்த்தவர் குத்தாலிங்கம். சக்கரங்களை பேலன்ஸ் செய்தார். சரியாகவில்லை. முன்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைகளைக் கழற்றினார். அவை வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்கள் நைந்து கிடந்தன. புதிது போட்டார். நடுக்கம் நின்றது. ஆறு வாரம் நன்றாக ஓடிய கார் மறுபடி நடுங்கிக்கொண்டு வந்தது. போட்ட புது புஷ் கிழிந்திருந்தது. மறுபடி புதிது போட்டார். இந்த முறை ஐந்தே வாரம்.

மூன்றாம் முறை ஆவுடையம்மாள் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். இப்போது அறுபதிலேயே ஸ்டீரிங் ஆடுகிறது என்றார். மலை இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது. நேற்று பின் சீட்டில் இருந்தவர் பாதி வழியில் இறங்கி பஸ் ஏறிப் போய்விட்டார். இன்னொரு பட்டறையில் காட்டியதற்கு, பாடியே கோணிவிட்டது, உடைக்கக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டார்கள். பழைய வண்டி உடைக்கிற ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு சொல் சொல்லுங்க பாய்," என்றார் ஆவுடையம்மாள். "ஓடும்னா ஓட்டுதேன். ஓடாதுன்னா கொடுத்துருதேன். நாலாவது தடவை உங்க வாசலுக்கு வர மாட்டேன்."

குத்தாலிங்கம் கைத்துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

மைதீன்பிச்சை சாவியை வாங்கி அவரிடம் கொடுத்தார். தாம் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். காலியான ரோட்டுக்கு வந்ததும் அறுபதில் போகச் சொன்னார். ஸ்டீரிங் நடுங்கத் தொடங்கியது. குத்தாலிங்கம் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கிப் பிடித்தார்.

"அண்ணாச்சி, அதை அடக்காதீங்க. லேசாப் பிடிங்க."

பிடி தளர்ந்தது. ஸ்டீரிங் அதன் இஷ்டத்துக்கு ஆடியது.

"கையில தெரியுதா, சீட்டுல தெரியுதா?"

"கையில."

"அப்ப முன்பக்கம். திருப்புங்க."

பட்டறைக்கு வந்ததும் மைதீன்பிச்சை குளித்து உடை மாற்றிக்கொண்டு ஜும்மா தொழுகைக்குப் போனார். அதற்குள் பார்த்து வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

குத்தாலிங்கம் காரை லிஃப்டில் ஏற்றித் தலைக்கு மேல் தூக்கினார். அந்த லிஃப்ட் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு அதன்மேல் பிரியம். நிமிர்ந்து நின்றபடி வேலை பார்க்கலாம். முதுகு வலிக்காது. முன்சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து உலுக்கினார். மேலும் கீழும், இடமும் வலமும். கடப்பாரை வைத்து நெம்பினார். எல்லாம் கெட்டியாக இருந்தது. ஒன்றும் அசையவில்லை.

குரு தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். சிஷ்யன் தீர்மானமாகச் சொன்னார். கீழே எதிலும் குறை இல்லை, ஸ்டீரிங் பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

"இறக்குங்க," என்றார் மைதீன்பிச்சை.

கார் தரைக்கு வந்தது. ஆவுடையம்மாளை உள்ளே உட்காரச் சொன்னார். ஓர் அடி முன்னால் போய் பிரேக் பிடிக்க வேண்டும், ஓர் அடி பின்னால் போய் பிரேக் பிடிக்க வேண்டும். சொன்னபடி அவர் செய்தார். மைதீன்பிச்சை பக்கவாட்டில் ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து சாக்கைக் காட்டினார்.

குத்தாலிங்கம் படுத்தார். அவர் தொப்பைக்கு அது சுலபமான காரியம் இல்லை. கார் நகர்ந்தது. பிரேக் விழுந்தது. கெட்டியாக இருந்த அதே முன்சக்கரம் ஒரு விரல் அளவுக்குப் பின்னால் தள்ளிப்போய்த் திரும்பி வந்தது.

அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஆவுடையம்மாள் ஜன்னலை இறக்கி, அண்ணாச்சி தூங்கிட்டாரா என்று கேட்டார்.

புஷ்களைக் கழற்றினார்கள். இரும்புக் குழாயைச் சுற்றியிருந்த ரப்பர் புத்தம் புதிதாகத்தான் இருந்தது. ஆனால் துணியைப் பிழிந்ததுபோல் முறுகிக் கிழிந்திருந்தது. குத்தாலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. சாமான் கடைக்காரன் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றார். இரண்டு தடவையும் ஏமாற்றிவிட்டான். டிப்போவில் தம் கை பட்ட புஷ் ஒன்றுகூட இப்படிக் கிழிந்ததில்லை. கடைக்காரனைக் கிழிக்கப் போவதாகச் சொல்லிப் போனை எடுத்தார்.

மைதீன்பிச்சை போனை வாங்கி மேஜையில் வைத்தார். அலமாரியிலிருந்து புது புஷ்களை எடுத்து நீட்டினார்.

"எப்பவும் போடுத மாதிரியே போடுங்க அண்ணாச்சி. நான் பார்த்துக்கிடுதேன்."

கார் மறுபடி மேலே போனது. குத்தாலிங்கம் போட்டார். சொல்லத்தான் வேண்டும், கை என்றால் அதுதான் கை. போல்ட்டின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். எண்ணெய் தொட்டு வைத்தார். ஒரு வாஷர்கூடத் திரும்பி விழவில்லை. கடைசியில் நீளமான ஸ்பானரில் முழு பலத்தையும் போட்டு முடுக்கினார். குரு கைகட்டி நின்று பார்த்தார். பள்ளிப் பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

முடிந்ததும் சாக்பீஸ் எடுத்தார். புஷ்ஷின் நடுவில் இருந்த இரும்புக் குழாயிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி விளிம்பு வரைக்கும் நேராக ஒரு கோடு போட்டார்.

"இறக்குங்க."

கார் இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டது. காரின் கனம் அதன்மேல் உட்கார்ந்தது. தூக்கியிருந்தபோது கீழ்நோக்கித் தொங்கிய இரும்புக் கை மெல்ல நிமிர்ந்தது.

மைதீன்பிச்சை டார்ச்சைச் சிஷ்யனிடம் கொடுத்தார். சிஷ்யன் படுத்துப் பார்த்தார். ஆவுடையம்மாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

கோடு நேராக இல்லை. நடுக்குழாயில் ஒரு பாதி. வெளி விளிம்பில் ஒரு பாதி. இரண்டுக்கும் நடுவே ரப்பர் முறுகி நின்றது.

"இன்னும் பட்டறை வாசலையே தாண்டலை," என்றார் ஆவுடையம்மாள். "அதுக்குள்ளயா?"

குத்தாலிங்கம் டார்ச்சை அணைத்துவிட்டு எழுந்தார்.

மைதீன்பிச்சை நாலு கனத்த பலகைகளைப் போட்டு, நாலு சக்கரங்களையும் அவற்றின்மேல் ஏற்றி நிறுத்தினார். முன்னும் பின்னும் கட்டை வைத்தார். ஆவுடையம்மாளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். பக்கத்து சீட்டில் தாம் உட்கார்ந்துகொண்டார். குத்தாலிங்கம் கீழே நுழைந்தார். முடுக்கிய போல்ட்டைத் தளர்த்தினார். முறுகிய ரப்பர் தளர்ந்து, கோட்டின் இரண்டு பாதியும் ஒன்று சேர்ந்தன. இரண்டு பேரும் உள்ளே இருந்தபடி காரைக் குலுக்கினார்கள். கார் தன் உயரத்தில் வந்து நின்றது. அப்படியே, அந்தக் கனத்தோடு, அவர் மறுபடி முடுக்கினார். கீழே இடம் இல்லை. ஸ்பானர் கால் சுற்றுதான் திரும்பும். எடுத்து எடுத்துப் போட வேண்டும். மூக்கில் மண் விழுந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வெளியே வந்ததும் அவர் ஆவுடையம்மாளிடம் போனார். தம்முடைய தப்பு என்று சொல்ல வாயெடுத்தார். மைதீன்பிச்சை முந்திக்கொண்டார்.

"பட்டறை என் பேர்ல இருக்கும்மா. தப்பும் என் பேர்லதான். ரெண்டு தடவையும் நான் குனிஞ்சு பார்த்திருக்கணும். ஓட்டிப் பாருங்க. உங்களுக்குச் சரின்னு பட்டாத்தான் சரி."

ஆவுடையம்மாள் தனியாக எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வர அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரத்தில் குத்தாலிங்கம் ஒரே ஸ்பானரை மூன்று முறை துடைத்தார்.

கார் வந்து நின்றது. ஆவுடையம்மாள் இறங்கவில்லை. போனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று யாரிடமோ சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ பேரம் பேசினார்கள் போலிருக்கிறது. என் வண்டி தொண்ணூறுல போகுது, உன்னை ஏத்திட்டுப் போகணும்னா சொல்லு என்று வைத்துவிட்டார். பிறகு குத்தாலிங்கத்தைப் பார்த்தார்.

"ஆறு வாரம் பார்ப்பேன் அண்ணாச்சி."

"எட்டாவது வாரமும் வாங்க. நானே கீழ படுத்துப் பார்த்துச் சொல்லுதேன்."

கார் மலைப் பக்கமாகத் திரும்பிப் போனது.

குத்தாலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார். கிழிந்த புஷ் ஒன்று கையில் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும் பாய்."

"கேளுங்க."

"தொங்கும்போது முடுக்கினா இறங்கும்போது முறுகும். அது விளங்கிட்டு. எனக்கு விளங்காதது வேற. பஸ்ஸுலயும் இதே ரப்பர் புஷ்தான். முப்பத்தொரு வருஷத்துல ஆயிரம் போட்டிருப்பேன். இந்த விவரம் எனக்கு எவனும் சொல்லலை. ஆனா ஒண்ணுகூட கிழியலை. தெரியாதவன் கையில எப்படிக் கிழியாம இருந்துது?"

மைதீன்பிச்சை கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

"டிப்போவுல எங்க நின்னு முடுக்குவீங்க?"

"பள்ளத்துல. கீழ பள்ளம் வெட்டி வச்சிருக்கும். உள்ள இறங்கி நின்னு முடுக்குவோம்."

"பஸ்?"

"அது மேல தரையில நிக்கும்."

குரு துண்டை எடுத்துக் கை துடைத்தார்.

"அங்க நீங்க இறங்கினீங்க அண்ணாச்சி. இங்க வண்டியை ஏத்திட்டீங்க."