இடமுறுக்குக் கயிறு

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை மாறவேலன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் போட்ட ஆணையை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுகிற ஆள். ஒருநாள் ராணி என்ன சொன்னாளோ, "இனி அரண்மனைச் சரக்கில் பாதியைப் பெண்கள் நடத்தும் பட்டறைகளில்தான் வாங்கணும்" என்று முரசறைய வைத்துவிட்டான்.

பண்டகசாலை அதிகாரி திருவுடையாருக்கு இது பிடிக்கவில்லை. அரண்மனைக்குக் கயிறு கொடுப்பவன் அவர் மனைவியின் தம்பி சாத்தப்பன். ஆணையை மீற முடியாது. அதன் அடியில் நிபந்தனை எழுதலாமே! எழுதினார். கேட்டு வருபவள் ஏழு வருஷம் அரண்மனைக்குச் சரக்குக் கொடுத்தவளாக இருக்கணும். கணவன் கையெழுத்து வேணும். ஜாமீனாக ஐந்து யானை கொடுக்கணும்.

ஆறு மாதமாக ஒருத்தியும் வரவில்லை. "பெண்களுக்கு வியாபாரத்தில் ஆசையே இல்லை, மகாராஜா" என்றார் திருவுடையார். ராஜாவும் தலையாட்டினான். அவனுக்கென்ன போச்சு!

கடைசியில் வந்தாள் பேராச்சி, பதினெட்டுப் பெண்களை வைத்துக் கயிற்றுப் பட்டறை நடத்துகிறவள். அவள் கயிற்றை மொத்தமாக வாங்குகிறவனே சாத்தப்பன்தான். "அரண்மனை வாசலை மிதிச்சா இனி உங்கிட்ட ஒரு முழம் வாங்கமாட்டேன்" என்று மிரட்டியிருந்தான். வெறுங்கையோடு திரும்பினால் பதினெட்டு வீட்டு அடுப்பும் எரியாது. ஆனாலும் சபையில் நின்றாள்.

"ஏழு வருஷம் கொடுத்திருக்கியா?" என்று இளித்தார் திருவுடையார்.

"பன்னிரண்டு வருஷமா, ஐயா."

சபை கொல்லென்று சிரித்தது. பேராச்சி ராஜாவைப் பார்த்துச் சொன்னாள்: "இந்த நாட்டில் எல்லாரும் கயிற்றை வலப்பக்கமா முறுக்குவாங்க, மகாராஜா. நான் இடதுகைக்காரி. நான் பழக்கின பெண்களும் இடப்பக்கமாத்தான் முறுக்குவாங்க. அரண்மனைக் கயிற்றைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்க."

ஊஞ்சல் கயிறு வந்தது, கிணற்றுக் கயிறு வந்தது. எல்லாம் இடமுறுக்கு.

"அதெல்லாம் என் பட்டறையில் முறுக்கியது" என்று குறுக்கே பாய்ந்தான் சபை ஓரத்தில் நின்ற சாத்தப்பன்.

"இந்தாங்க நார். ஒரு முழம் முறுக்கிக் காட்டுங்க, அண்ணாச்சி."

சாத்தப்பன் ஜென்மத்தில் நாரைத் தொட்டவனில்லை. முறுக்கினான், பிரிந்தது. மறுபடி முறுக்கினான், விரல் மாட்டிக்கொண்டது.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்போ நான் இத்தனை நாளா ஊஞ்சலாடினது உன் கயிற்றிலயா?"

"ஆமாம், மகாராஜா. அறுந்துச்சா?"

"இல்லையே."

"கணவன் கையெழுத்து?" என்று திருவுடையார் முனகினார்.

"அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாச்சு. அதுக்கப்புறமும் கயிறு அறுந்ததில்லை, ஐயா. ஐந்து யானைக்கு நான் எங்கே போவேன்? கொட்டடியில் நிற்கிற யானைகள் ஓடாமல் இருக்கிறது என் கயிற்றால்தான்."

ராஜா நிபந்தனை ஓலையைக் கிழித்தான். அரண்மனைக் கயிறு முழுவதும் இனி பேராச்சி நேரடியாகக் கொடுக்கணும் என்றான். பிறகு அதிகாரியிடம் திரும்பினான்: "திருவுடையாரே, உம்ம பதவிக்கு நாளைக்குப் புதுசா விண்ணப்பம் போடும். ஒரே நிபந்தனை, மனைவி கையெழுத்து."

திருவுடையார் வீட்டுக்கு ஓடினார். மனைவி ஓலையை நிதானமாகப் படித்தாள்.

"போடறேன். ஏழு வருஷம் நல்ல புருஷனா இருந்ததுக்கு அத்தாட்சி கொண்டு வாங்க" என்றாள்.

மனுஷன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாராம்.