பதினாறாவது கூடை

ஏரிக்கரைக் காட்டில் கூடையும் பாயும் முடையும் குரங்குக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. அக்காட்டை ஆண்ட சிறுத்தைக்குக் காரணமின்றிக் கொல்லப் பிடிக்காது. காரணம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டு கொல்லவே பிடிக்கும்.

ஒரு நாள் விடியலில் அது நாற்பது ஓலைக் கட்டுகளையும் நாற்பத்தைந்து கோரைக் கட்டுகளையும் கரையில் குவிக்கச் செய்தது. அத்தனையையும் அந்திக்குள் கூடையாகவும் பாயாகவும் முடைந்து தீர்க்க வேண்டும். எஞ்சும் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு குரங்குக்குட்டி தனக்கு இரை என்று அறிவித்துவிட்டுப் புதருக்குள் படுத்தது. அதன் வால்நுனி மட்டும் வெளியே அசைந்துகொண்டிருந்தது.

ஒரு கூடைக்கு ஓலை இரண்டு கட்டு, கோரை ஒரு கட்டு. ஒரு பாய்க்கு ஓலை ஒரு கட்டு, கோரை மூன்று கட்டு. முடைந்ததைப் பிரித்தால் ஓலை நொறுங்கிவிடும்.

கூடைகளை முடித்த பிறகே பாயைத் தொடுவது அக்கூட்டத்தின் வழக்கம். ஆகவே, ஓலை உள்ளவரை கூடையே முடையுமாறு தலைவன் கருவாயன் ஆணையிட்டது. மார்பில் குட்டியைச் சுமந்த பூவரசி, மிஞ்சும் கோரையை என்ன செய்வது என்று கேட்டது. அதைப் பிறகு பார்க்கலாம், கை ஓயக் கூடாது என்று கருவாயன் அதட்டியது.

அருகில் செதில் போர்த்த எறும்புதின்னியான ஓர் அழுங்கு, அச்சத்தால் பந்தாகச் சுருண்டு கிடந்தது. நண்பகல் கடந்தபோது அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"கருவாயரே, இப்படியே போனால் இருபது கூடையில் ஓலை தீரும். கோரையில் இருபத்தைந்து கட்டு எஞ்சும்."

"பந்து கணக்குப் போடுகிறது!" என்றது ஒரு குரங்கு. ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் இருந்த குட்டிகளே இருபத்தொன்றுதான்.

"ஒரு கூடையைக் குறைத்தால் இரண்டு பாய்க்கு ஓலை கிடைக்கும். கூடைக்கு ஒரு கட்டுக் கோரை போகும் இடத்தில் அப்பாய்களுக்கு ஆறு கட்டுப் போகும். மிச்சத்தில் ஐந்து குறையும். இருபத்தைந்தும் தீர ஐந்து கூடைகளைக் குறைக்க வேண்டும். கூடை பதினைந்து, பாய் பத்து. இப்போது எத்தனையாவது கூடை?"

"பதினாறு," என்று சொல்லியவாறே கருவாயன் ஓலையை மடிக்கப் போனது.

பூவரசி பாய்ந்து அதன் மணிக்கட்டைப் பற்றியது. "அண்ணா, கையை எடுங்கள்!"

கருவாயன் மீதியை எண்ணியது. ஓலை பத்து, கோரை முப்பது. சரியாகப் பத்துப் பாய்கள். உடனே பாய் முடைய அமர்ந்தது.

அந்தியில் சிறுத்தை வந்தது. ஒவ்வொரு பாயையும் புரட்டியது. ஒவ்வொரு கூடையிலும் மூக்கை நுழைத்தது. பூவரசியின் குட்டிமேல் அதன் மூச்சுப் படும் அளவுக்கு நெருங்கி நின்றது.

"ஒரு கட்டுக்கூட இல்லையா?"

"இல்லை, அரசே," என்றது கருவாயன்.

சிறுத்தை பசியோடு திரும்பிப் போயிற்று.

இனிச் சுருள் பிரிக்கலாம் என்று கருவாயன் அழுங்கிடம் பணிவோடு சொன்னது.

"சிறுத்தையின் வால் மறையட்டும்," என்றது அழுங்கு.

இரண்டு சரக்குகளை நம்பி இரண்டு வேலைகளைத் தொடங்குபவர், இரண்டையும் ஒருசேரக் கணக்கிட்ட பின்னரே முதல் ஓலையை மடிக்க வேண்டும்.