பத்து நிமிடக் கோதுமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஒருவர் உண்மையைச் சொன்னார், இன்னொருவர் வாயே திறக்கவில்லை. இருவரும் பொய் சொல்லவில்லை. வம்பே அதில்தான் இருக்கிறது.

இத்தாலியின் தெற்குப் பகுதியில் பியெத்ராமூத்தா என்று ஒரு மலையூர். 1936இல் கொராதோ என்ற ஓவியரைப் பாசிச அரசு அங்கே கொண்டுவந்து தள்ளியது. டூரின் நகரத்தில் அரசைக் கேலி செய்து படம் வரைந்தாராம், அதற்கு ஐந்து வருடம். சிறை இல்லை, ஆனால் ஊரின் கடைசி வீட்டைத் தாண்டி ஓரடி வைக்கக் கூடாது, தினமும் இருவேளை காவலர் முன்னால் போய் நிற்க வேண்டும். கம்பி இல்லாத கூண்டு என்று வையுங்களேன். இரண்டு வருடம் போய்விட்டது. அவர் வந்த பிறகு பிறந்த மகளின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.

ரொக்கோ என்ற விவசாயியின் வீட்டு மாடியில் குடியிருந்தார். ஜன்னலில் தெரிந்ததைத் தவிர வேறெதையும் வரைய மாட்டார். பார்த்த நேரத்தைப் படத்தின் மூலையில் எழுதியும் வைப்பார். கற்பனை வெளிச்சம் என்றால் அவருக்கு ஆகாது. அப்படி ஒரு பிடிவாதம்.

ஜன்னலுக்குக் கீழே பள்ளத்தாக்கு. வெறும் களிமண் குன்றுகள், இடையிடையே வயல். ஒவ்வொரு வருடமும் கோதுமை முழங்கால் உயரம் வந்து தண்ணீரில்லாமல் கருகிப்போகும். வாய்க்கால் கேட்டு ஊரே மனு போட்டிருந்தது. அக்டோபரில் ஓர் அதிகாரி வந்து முடிவு செய்வார் என்றார்கள்.

இந்த நேரம் பார்த்து, கட்சி நியமித்த ஊர்த் தலைவர் ஜூனில் கொராதோவை அழைத்தார். தன் ஆட்சியில் ஊர் செழிக்கிறது என்று காட்ட அவருக்கு ஆசை. அலுவலகச் சுவருக்குப் பொன்னாக விளைந்த பள்ளத்தாக்கு ஒன்று வேண்டும், வரைந்தால் விடுதலைக்கு எழுதுகிறேன் என்றார்.

கொராதோ பத்து நாள் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். இல்லாத கோதுமையை வரையக் கை வரவில்லை. வரையாவிட்டால் இன்னும் மூன்று வருடம். ஒரு மாலை, சூரியன் இறங்குவதற்குச் சற்று முன், வெளிச்சம் பள்ளத்தாக்கில் சாய்ந்து விழுந்தது. கருகிய கோதுமைத் தாளும் காய்ந்த மண்ணும் தகதகவென்று பொன்னாயின. பத்தே நிமிடம். அதைத்தான் வரைந்தார். படத்தில் ஒரு கதிர்கூட இல்லை. ஆனால் பார்க்கிறவர் விளைந்த வயல் என்றுதான் நினைப்பார். மூலையில் நேரத்தை மட்டும் இந்த முறை எழுதவில்லை. ரொக்கோ அதைக் கவனித்தார், கேட்கவில்லை.

அக்டோபரில் அதிகாரி வந்தபோது எங்கும் உழுதுபோட்ட மண்தான். மொட்டை நிலத்தைப் பார்த்து யாரால் என்ன சொல்ல முடியும்? அவர் ஊர்த் தலைவரின் அலுவலகச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"இது கற்பனையா, கண்ணால் பார்த்ததா?" என்று, தலைவர் வரவழைத்திருந்த கொராதோவைக் கேட்டார்.

"கண்ணால் பார்த்தது."

அதிகாரி ஊர்மனுவோடு நின்ற ரொக்கோவின் பக்கம் திரும்பி, இப்படி விளைகிற ஊருக்கு வாய்க்கால் எதற்கு என்றார். ஒரு வார்த்தை போதும், உண்மை வெளியே வந்துவிடும். கொராதோவின் விடுதலையும் அதோடு போய்விடும். ரொக்கோ மனுவை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். வாய்க்கால் பக்கத்து ஊருக்குப் போனது.

விடுதலைத் தாள் வந்த அன்று, ஏன் பேசவில்லை என்று கொராதோ கேட்டார்.

"தோன் கொராதோ," என்றார் ரொக்கோ. அந்தப் பக்கம் மரியாதைக்கு அப்படித்தான் அழைப்பார்கள். "அந்த வெளிச்சம் பொய்யில்லை. அந்த நேரத்தில்தானே நான் தினமும் வெறுங்கையோடு வீடு திரும்புகிறேன்."

மறுநாள் காலை கொராதோ பஸ் ஏறினார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கண்டதைச் சொன்ன கொராதோ, தெரிந்தும் பேசாமல் நின்ற ரொக்கோ, இருவரில் யார் செய்தது சரி?

விடை: அதிகாரி கேட்டது விளைச்சலை, கொராதோ சொன்னது வெளிச்சத்தை. அது தெரிந்துதான் நேரத்தை எழுதாமல் விட்டார். எனக்கு அவர்மேல் பரிதாபம் உண்டு, ஆனால் அவர் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். ரொக்கோ விட்டுக்கொடுத்தது ஊர்த் தண்ணீரை, அவருடையதை மட்டுமல்ல. ஆனாலும் தண்ணீரை அடுத்த வருடம் கேட்கலாம், ஒரு மனிதனின் மூன்று வருடத்தை யாரிடம் போய்க் கேட்பது? ஆகவே ரொக்கோ செய்ததே சரி என்பேன். அடுத்த வருடம் ஊரார் மறுபடி மனுவோடு போனார்கள். புதிய அதிகாரி படம் தொங்கும் சுவரைக் காட்டினார்.